முந்திரிக்குள் இருக்கும் மூன்றாம் நம்பர்

மகளின் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் முந்திரி என்ற வரிக்குக் கீழே ‘அனா ஓ 3’ என்று இன்னொரு வரி இருந்தது. நிலக்கடலைக்குக் கீழே ‘அரா எச் 2’, ‘அரா எச் 8’. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண். தேடிப் படித்தபோது பெயர் வைத்த முறை எளிமையாகத்தான் இருந்தது. முந்திரியின் தாவரவியல் பெயர் அனகார்டியம் ஆக்சிடென்டேல். முதல் சொல்லிலிருந்து மூன்று எழுத்து, இரண்டாம் சொல்லிலிருந்து ஓர் எழுத்து, அப்புறம் ஓர் எண். எண் என்பது அந்தப் புரதம் எத்தனையாவதாகப் பிடிபட்டது என்பதைக் காட்டுகிறது. ஆக ‘அனா ஓ 3’ என்றால் முந்திரியில் மூன்றாவதாகப் பிடிபட்ட அலர்ஜிப் புரதம். நிலக்கடலைக்கு அராக்கிஸ் ஹைப்போஜியா என்று பெயர், அதனால் ‘அரா எச்’. கடலையின் பட்டியல் இன்று பதினைந்தைத் தாண்டிவிட்டது.

ஒரு குழந்தைக்கு ‘நட் அலர்ஜி’ என்று சொல்வது, வீட்டு விலாசம் கேட்டால் ‘கடலூர் மாவட்டம்’ என்று பதில் சொல்வதைப் போன்றது. பொய் இல்லை, ஆனால் கடிதம் போய்ச் சேராது. தெருவும் கதவு எண்ணும் தெரிந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் கடலைச் சட்னி திரும்பி வந்தது. அதுவரை யோசித்தே பார்த்திராத பிஸ்தா வெளியே போனது. அந்தக் கதவு எண்ணை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தேடிப் படித்ததைத்தான் எழுதுகிறேன்.

கடலூர் மாவட்டம் என்று சும்மா சொல்லவில்லை. எனக்கு ஊர் பண்ருட்டிப் பக்கம். செம்மண், பலா, முந்திரி. இப்போது இருப்பது மெல்பர்னில். ஒன்றரை வயதில் மகள் ஒரு நண்பர் வீட்டில் கேசரியில் கிடந்த முந்திரியை எடுத்துத் தின்றாள். சற்று நேரத்தில் உதடு வீங்கியது, கழுத்திலும் வயிற்றிலும் திட்டுத்திட்டாகத் தடித்தது, வாந்தி, பிறகு ஒரு மாதிரியான வறட்டு இருமல். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் தொடையில் அட்ரினலின் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இருமல் அடங்கி, ஆம்புலன்ஸில் இருந்த கரடிப் பொம்மையைக் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னபோது அவள் நம்பவே இல்லை. “ஓட்டுப் பால் ஒட்டியிருக்கும்டா தம்பி. கடைக்காரன் சரியா வறுக்காம வித்திருப்பான். நம்மூட்டுப் பருப்பா இருந்தா ஒண்ணும் பண்ணியிருக்காது.”

முந்திரிக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு இது மூடநம்பிக்கை இல்லை, அனுபவம். கொட்டையின் ஓட்டுக்குள் பிசுபிசுவென்று கறுத்த எண்ணெய் இருக்கும். கொட்டையைத் தீயில் சுடும்போது அது சீறிக்கொண்டு தெறிக்கும். உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொள்வார்கள். அப்படியும் விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்து கிடக்கும். சிறுவயதில் பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்து வாய் வெந்து அழுத பிள்ளை ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். அதனால் முந்திரி தின்று குழந்தைக்கு உதடு வீங்கியது என்றால் அம்மாவின் மூளை நேரே ஓட்டுப் பாலுக்குத்தான் போகும். போகாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் அது வேறு சமாச்சாரம். ஓட்டு எண்ணெயில் இருப்பவை அனகார்டிக் அமிலம், கார்டால் என்ற பொருள்கள். புரதமே இல்லை. அவை யார் தோலில் பட்டாலும் புண்ணாக்கும். சிலருக்கு ஓரிரு நாள் கழித்து அரிப்பும் கொப்புளமுமாக வரும். மாம்பால் பட்டு வாயோரம் வெந்துபோவதும் இதே வகையறாதான். மாவும் முந்திரியும் ஒரே குடும்பத்து மரங்கள். நன்றாக வறுத்தால் ஓட்டெண்ணெயின் வேலை முடிந்துவிடும், அம்மா சொன்னது அவ்வளவும் சரி. மகளுக்கு வந்தது ஓட்டில் இருந்து அல்ல, பருப்பில் இருந்து. வெள்ளைவெளேரென்று, ஓடும் தோலும் நீக்கிய, முதல் தரப் பருப்பில் இருந்து. அதில் இருக்கிற புரதம் வறுப்பதற்கெல்லாம் அசைந்து கொடுப்பதில்லை.

அலர்ஜி கிளினிக்கில் முதலில் செய்தது தோல் பரிசோதனை. முன்கையில் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு. முந்திரிச் சாறு, பிஸ்தாச் சாறு, கடலைச் சாறு, வால்நட், பாதாம், எள். கடைசியில் ஹிஸ்டமின் ஒரு சொட்டு, வெறும் உப்புநீர் ஒரு சொட்டு. ஹிஸ்டமின் தடிக்க வேண்டும், உப்புநீர் தடிக்கக் கூடாது, அப்போதுதான் மற்றவற்றை நம்பலாம். சொட்டின் நடுவில் பிளாஸ்டிக் முள்ளால் ஒரு மெல்லிய குத்து. கால் மணி நேரம் கழித்துத் தடிப்பின் அகலத்தை அளவுகோல் வைத்து மில்லிமீட்டரில் எடுத்தார்கள். மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பாசிட்டிவ். முந்திரியும் பிஸ்தாவும் கொசுக்கடியை எல்லாம் தாண்டி எழும்பி நின்றன. கடலையும் பாசிட்டிவ். ஆனால் கடலையை அவள் அதற்குமுன் தின்றதே இல்லை.

பழைய காலமாக இருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். மூன்றையும் தள்ளி வையுங்கள், எல்லாக் கொட்டையையும் தள்ளி வைத்தால் இன்னும் நல்லது என்று அனுப்பியிருப்பார்கள். இங்கே மருத்துவர் சொன்னது வேறு. “கடலைச் சாறு என்றால் கடலையில் இருக்கிற எல்லாப் புரதமும் கலந்த குழம்பு. அதில் எதற்குத் தடித்தது என்று தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரத்தத்தில் தனித்தனியாகப் பார்ப்போம்.” அப்படி வந்ததுதான் அந்த அறிக்கை.

இந்தத் தனித்தனியாகப் பார்க்கும் வித்தைக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. 1921இல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் இரண்டு மருத்துவர்கள். ஹைன்ஸ் குஸ்ட்னருக்குச் சமைத்த மீன் ஆகாது. கார்ல் பிராஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தத் தொந்தரவும் இல்லை. பிராஸ்னிட்ஸ், குஸ்ட்னரின் இரத்த நீரைக் கொஞ்சம் எடுத்துத் தன் வயிற்றுத் தோலுக்குள் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைக் குத்தினார். தடித்தது. ஒவ்வாமை என்பது மனப் பிராந்தியோ வயிற்றுக் கோளாறோ இல்லை, இரத்தத்தில் ஓடுகிற ஏதோ ஒரு பொருள், அதை ஓர் உடம்பில் இருந்து இன்னோர் உடம்புக்கு மாற்றக்கூட முடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது. அந்தப் பொருள் என்ன என்று தெரிய இன்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1966இல் அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா தம்பதி அதைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டே சுவீடனில் யோஹான்சனும் பென்னிக்கும் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஐஜிஇ என்ற எதிர்ப்பான் அது, வேண்டாத பொருளைப் பிடித்துக்கொள்ள உடம்பு செய்யும் ஒரு புரதம்.

ஐஜிஇ கிடைத்ததும் இன்னொரு காரியத்துக்கு வழி பிறந்தது. குழந்தையின் இரத்தத்தையே துப்பறிய விடலாம். எதை அது போய்ப் பிடிக்கிறதோ அதுதான் குற்றவாளி.

1991இல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் வெஸ்லி பர்க்ஸ் என்ற குழந்தை மருத்துவரும் அவர் குழுவும் கடலையில் செய்தது இதைத்தான். செய்முறை கிட்டத்தட்ட சமையல்கட்டிலேயே தொடங்குகிறது. கடலையை அரைக்க வேண்டும். கடலையில் பாதி எண்ணெய், அதைக் கரைப்பான் ஊற்றிக் கழுவி எடுத்துவிட வேண்டும். மிஞ்சுகிற வெள்ளை மாவை உப்புக் கரைசலில் ஊறவிட்டால் புரதங்கள் நீரில் இறங்கும். அந்த நீரோடு எஸ்டிஎஸ் என்ற சோப்பு வகையைச் சேர்த்துக் கொதிக்க வைத்தால், உருண்டு மடங்கிக் கிடக்கும் புரதங்கள் எல்லாம் அவிழ்ந்து நீளும். அதை ஒரு ஜெல் பலகையின் உச்சியில் உள்ள குழிகளில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். சின்னப் புரதம் ஜெல்லுக்குள் நழுவிக் கீழே வெகுதூரம் போகும், பெரியது மேலேயே சிக்கி நிற்கும். நீலச் சாயம் போட்டுப் பார்த்தால் மேலிருந்து கீழாகப் பத்து இருபது கோடுகள். ஒரு கடலைக்குள் இவ்வளவு பேரா என்று தோன்றும்.

சாயம் போடாமல் அந்தக் கோடுகளை அப்படியே ஒரு மெல்லிய தாளுக்கு மாற்றலாம். நைட்ரோசெல்லுலோஸ் தாள். அதைப் பட்டை பட்டையாக வெட்டி, ஒவ்வொரு பட்டையையும் ஒரு குழந்தையின் இரத்த நீரில் ஊறவைப்பார்கள். குழந்தையின் ஐஜிஇ தனக்குப் பகையான கோட்டில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும், மற்றவற்றை விட்டுவிடும். தாளைக் கழுவிவிட்டு, ஐஜிஇயைத் தேடிப் பிடிக்கும் இன்னோர் எதிர்ப்பானை ஓர் அடையாளத்தோடு விட்டால், ஒட்டிய இடம் கறுத்துத் தெரியும். பட்டைகளை வரிசையாக அடுக்கினால், ஒரு குழந்தைக்கு மேலே ஒரு கோடு, இன்னொரு குழந்தைக்கு நடுவில் இரண்டு, ஒன்றுமே இல்லாத பட்டை என்றால் அது அலர்ஜி இல்லாத ஒப்பீட்டுப் பிள்ளையுடையது. பாதிக்கு மேற்பட்டவர்களின் பட்டைகளில் ஒரே உயரத்தில் கோடு விழுந்தால் அதை ‘முதன்மை ஒவ்வாமைப் பொருள்’ என்று சேர்த்துக்கொள்வார்கள்.

அப்படி முதலில் சிக்கியது 63 கிலோடால்டன் (புரதங்களின் எடையைச் சொல்லும் அலகு) எடையுள்ள ஒரு பெரிய புரதம், அரா எச் 1. அடுத்த ஆண்டு வந்தது அரா எச் 2. எடை 17இல் இருந்து 19 கிலோடால்டன்தான். ஜெல்லின் அடிப்பக்கத்தில் நெருக்கமாக இரண்டு கோடுகளாக விழும், ஏனென்றால் அதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. பர்க்ஸ் எடுத்துக்கொண்ட நோயாளிகளுக்குக் கரப்பான் என்ற தோல் நோய் (எக்ஸிமா) இருந்தது. அது மட்டும் போதாது என்று, கடலையை மேற்பார்வையில் உண்ணவைத்து உண்மையாகவே ஒவ்வாமை வந்தவர்களின் இரத்தத்தை மட்டும் எடுத்தார்கள். இந்த ஒரு கெடுபிடிதான் அந்த ஆய்வின் உயிர் என்பது என் எண்ணம். வெறும் ‘பாசிட்டிவ்’ இரத்தத்தை எல்லாம் சேர்த்திருந்தால் கண்ட புரதத்திலும் கோடு விழுந்திருக்கும்.

முந்திரிக்கு இந்த வேலை பிற்பாடுதான் நடந்தது. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கென்னத் ரூ, ஸ்ரீதர் சாத்தே, கலிஃபோர்னியாவின் டேவிஸில் சூசன் டூபர் ஆகியோரின் குழு 2002, 2003, 2005 என்று வரிசையாக அனா ஓ 1, 2, 3 மூன்றையும் வெளியிட்டது. முந்திரியில் எடைக்கணக்கில் மிகுதியாக இருப்பது இரண்டாம் எண். ஆனால் குழந்தைகளின் தலைவிதியைத் தீர்மானிப்பது மூன்றாம் எண். கிரீஸிலும் ஜெர்மனியிலும் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில், முந்திரி தின்றால் ஆபத்து வருமா என்பதை முழு முந்திரிச் சாற்றைவிட அனா ஓ 3க்கு எதிரான ஐஜிஇதான் நன்றாகக் காட்டிக்கொடுத்தது.

கடலையின் இரண்டாம் எண்ணும் முந்திரியின் மூன்றாம் எண்ணும் ஒரே சாதி. 2எஸ் அல்புமின் என்பார்கள். வால்நட்டின் ஜக் ஆர் 1, ஹேசல்நட்டின் கோர் ஏ 14, எள்ளின் செஸ் ஐ 1, கடுகின் சின் ஏ 1, எல்லாம் இந்தக் கூட்டம்தான். விதை தன் முளைக்காகச் சேர்த்து வைக்கும் கட்டுச்சோறு இது, நைட்ரஜனும் கந்தகமும் நிறைந்தது. முளை வரும்வரை கெடாமல் இருக்க வேண்டும், பூச்சி தின்றாலும் எளிதில் செரிக்கக் கூடாது. அதனால் உருவத்தில் சின்னதாக, இறுகி மடங்கி, நான்கு இடங்களில் கந்தகப் பிணைப்புப் போட்டு வைத்திருக்கிறது. வயிற்று அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் அதை முழுசாகப் பிய்க்க முடியாது. சோதனைச்சாலையில் அந்தக் கந்தகப் பிணைப்புகளை மட்டும் வேதிப்பொருளால் உடைத்துவிட்டுப் பெப்சினைப் போட்டால், அதே அரா எச் 2 சாதாரணப் புரதம் மாதிரிக் கரைந்துபோகிறது. ஆக அதன் பலமெல்லாம் அந்த முடிச்சில்தான்.

வேறு சில புரதங்களுக்கு அந்தக் கெட்டித்தனம் கிடையாது. அரா எச் 8 வடக்கு ஐரோப்பாவின் பிர்ச் மரத்து மகரந்தப் புரதத்தின் சாயல் கொண்டது. வெப்பம் பட்டாலோ வயிற்றுக்குள் போனாலோ குலைந்துவிடும். வாயில் கொஞ்சம் அரிக்கும், பெரும்பாலும் அதோடு சரி. அரா எச் 5 புல் மகரந்தத்திலும் இருக்கிற ஒரு பொதுப் புரதத்தின் உறவு. இதுபோக, செடிகளின் புரதங்களில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகளுக்கும் சிலரிடம் ஐஜிஇ உண்டு. அது பரிசோதனையில் எண்ணை ஏற்றிக் காட்டும், உடம்பில் அநேகமாக ஒன்றும் செய்யாது. மெல்பர்னில் இருப்பவர்களுக்கு ரைகிராஸ் புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2016 நவம்பர் 21ஆம் தேதி மாலை இடிமழைக்கு முன் வீசிய காற்றில் அந்த மகரந்தம் நொறுங்கி நகரத்துக்குள் வந்து, பத்துப் பேர் இறந்தார்கள். நம் இந்தியத் துணைக்கண்டத்து ஆட்கள் அன்று நிறையவே பாதிக்கப்பட்டார்கள். வசந்தம் வந்தால் என் மகளுக்கும் மூக்கு ஒழுகும். அவளுடைய கடலை பாசிட்டிவ் புல்லில் இருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றார் மருத்துவர். அறிக்கையில் அரா எச் 2 பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

பூஜ்ஜியம் என்பதால் வீட்டுக்குப் போய்க் கடலை கொடுங்கள் என்று அனுப்பவில்லை. மருத்துவமனையில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார வைத்து, நுனிக் கரண்டி கடலை வெண்ணெயில் தொடங்கி, இடைவெளி விட்டு விட்டு அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு முறையும் தோல், இரத்த அழுத்தம், மூச்சு. கடைசி அளவு கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாண்ட்விச்சுக்கு ஆகும் அளவு. ஒன்றும் ஆகவில்லை. அனா ஓ 3 மட்டும் தெளிவாக எகிறி நின்றதால் முந்திரிக்கு அந்தச் சோதனையே வேண்டாம் என்றார்கள்.

இரத்தத்தில் ஐஜிஇ இருப்பது வேறு, தின்றால் உடம்பு கொந்தளிப்பது வேறு. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மான்செஸ்டரில் எட்டு வயதுப் பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வில், கடலைக்குப் பரிசோதனை பாசிட்டிவ் ஆன பிள்ளைகளில் உண்மையான அலர்ஜி சுமார் 22 சதவீதத்தினருக்குத்தான் இருந்தது. அவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது முக்கியமாக அரா எச் 2. நமக்குப் பக்கத்தில் கர்நாடகத்தில் பெரியவர்களிடம் எடுத்த கணக்கு இன்னும் வேடிக்கை. ஏதாவது ஓர் உணவுக்கு ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 சதவீதம், அலர்ஜி இருக்கலாம் என்று கருதத்தக்கவர்கள் 1.2 சதவீதம். எங்கள் தெருவில் யாருக்கும் இப்படி வந்ததில்லை என்று அம்மா சொல்வதில் தப்பே இல்லை. மெல்பர்னில் 2011இல் வெளியான ஹெல்த்நட்ஸ் ஆய்வில் ஒரு வயதுக் குழந்தைகளில் பத்துக்கு ஒன்றுக்கு மேல் ஏதோ ஓர் உணவு அலர்ஜி, கடலைக்கு மட்டும் 3 சதவீதம். இந்த நகரத்தின் காற்றா, வெயிலா, கிருமிகளா என்று சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, பிஸ்தா ஏன் போனது? முந்திரி, பிஸ்தா இரண்டும் மாமரக் குடும்பம். பிஸ்தாவின் பிஸ் வி 1 கிட்டத்தட்ட அனா ஓ 3இன் உடன்பிறப்பு. ஐஜிஇ பிடித்துக்கொள்ளும் மேற்பரப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. வால்நட்டுக்கும் பீக்கனுக்கும் நடுவில் இதே உறவு உண்டு. கடுகும் 2எஸ் அல்புமின் கூட்டம் என்றேனே, அப்படியானால் தாளிப்பு? கடுகின் புரதம் உள்கட்டில் இதே மாதிரி மடங்கியிருந்தாலும் மேற்பரப்பு வேறாகப் போய்விட்டது. மகள் கடுகு தாளித்த எதையும் கவலையில்லாமல் சாப்பிடுகிறாள். கடலை இன்னும் தூரம், அது உளுந்துக்கும் துவரைக்கும் பங்காளி. தேங்காயைப் பற்றித்தான் பள்ளியில் எல்லோரும் கேட்பார்கள். அது பனைக்குச் சொந்தம்.

இந்தப் புரதங்கள் அடையாளம் தெரிந்ததால் தப்பித்த கதை ஒன்றும் உண்டு. பயோனியர் என்ற விதை நிறுவனம் கால்நடைத் தீவன சோயாவில் மெத்தியோனின் சத்தைக் கூட்ட, பிரேசில் நட்டின் மரபணு ஒன்றைச் சேர்த்தது. பிரேசில் நட் அலர்ஜி உள்ளவர்களின் இரத்த நீரை அந்த சோயாவோடு வைத்துப் பார்த்தபோது ஐஜிஇ போய் ஒட்டிக்கொண்டது. பிரேசில் நட்டின் முக்கிய அலர்ஜிப் புரதத்தையே, அதுவும் ஒரு 2எஸ் அல்புமினையே, தூக்கிக்கொண்டு வந்து சோயாவில் வைத்திருந்தார்கள். ஆய்வு 1996இல் வெளியானது. திட்டம் கைவிடப்பட்டது.

சமைக்கும் முறை பற்றி ஊர்க்காரர்கள் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். கடலையை வறுத்தால் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பொன்னிறமாகும் வினையில் அரா எச் 1, 2 இரண்டும் ஐஜிஇயை இன்னும் நன்றாகப் பிடிக்கின்றன என்று 2000இல் சொஹைலா மலேக்கி குழு காட்டியது. வேகவைத்தால் எதிர்ப்பக்கம். புரதத்தில் ஒரு பங்கு தண்ணீரில் இறங்கிவிடும். எங்கள் பக்கத்தில் உப்புப் போட்டு அவிச்ச மல்லாட்டையைத்தான் பிள்ளைகள் முதலில் தின்பார்கள், வறுத்தது பிறகுதான். அதனால்தான் நமக்கு வரவில்லை என்று இதை வைத்துக் கோட்டை கட்டவும் கூடாது. அவித்த கடலையால் அலர்ஜி உள்ள பிள்ளைக்கு ஆபத்து இல்லை என்று அர்த்தமும் இல்லை. அடிலெய்டில் அலர்ஜி உள்ள பிள்ளைகளுக்கு நெடுநேரம் வேகவைத்த கடலையைக் கொடுத்துப் பழக்கிய ஓர் ஆய்வு உண்டு, அதுவும் மருத்துவர்களின் கண்காணிப்பில்தான்.

எண்ணெய் விஷயத்தில் நம் ஆட்கள் தலைகீழாக நம்புகிறார்கள். செக்கெண்ணெய் என்றால் இயற்கை, அலர்ஜி வராது என்று நினைப்பு. பிரிட்டனில் கடலை அலர்ஜி உள்ள 60 பேருக்கு இரண்டு எண்ணெயையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1997இல் வந்தது. சுத்திகரித்த எண்ணெயில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுத்திகரிக்காத எண்ணெயில் ஆறு பேருக்கு ஒவ்வாமை வந்தது. காரணம் எளிது, சுத்திகரிப்பில் புரதம் போய்விடுகிறது, செக்கில் அது எண்ணெயோடு வருகிறது. மணத்துக்காகச் செக்கெண்ணெய் வாங்குபவன்தான் நானும். ஆனால் கடலை அலர்ஜி உள்ள பிள்ளை வீட்டுக்கு வந்தால் அந்த பாட்டிலைத் தொடமாட்டேன்.

சீக்கிரமே கொடுத்துப் பழக்கினால் வராதா என்பது அடுத்த கேள்வி. 2015இல் லண்டனில் கிடியன் லாக் குழு 640 கைக்குழந்தைகளிடம் நடத்திய லீப் ஆய்வில், கடலை தின்று வளர்ந்தவர்களில் 3.2 சதவீதத்துக்கும், தவிர்த்து வளர்ந்தவர்களில் 17.2 சதவீதத்துக்கும் ஐந்து வயதில் அலர்ஜி இருந்தது. கரப்பானோ முட்டை அலர்ஜியோ ஏற்கெனவே இருந்த பிள்ளைகள் அவர்கள். பெரிய வித்தியாசம்தான். அதைப் பார்த்து இங்கே அறிவுரையை மாற்றினார்கள். மெல்பர்னில் ஒரு வயதுக்குள் கடலை தின்ற குழந்தைகள் 22 சதவீதத்திலிருந்து 86 சதவீதமானார்கள். ஊர் முழுக்க எடுத்த கணக்கில் அலர்ஜி 3.1இலிருந்து 2.6 சதவீதத்துக்குத்தான் இறங்கியது. அதையும் உறுதியான இறக்கம் என்று புள்ளியியல் ஒப்புக்கொள்ளவில்லை. கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் தாயைக் குற்றம் சொல்ல இதை எடுக்கக் கூடாது.

அறிக்கையின் எண்ணுக்கு ஓர் எல்லையும் உண்டு. எண் பெரிதாக இருந்தால் அலர்ஜி உண்மையாக இருக்கும் வாய்ப்பு கூடும். வந்தால் எவ்வளவு மோசமாக வரும் என்பதை அது சொல்லாது. அதனால் எபிபென் என்ற அட்ரினலின் ஊசிப் பேனா உள்ள பை எங்கே போனாலும் கூடவே வரும். பேனாவின் நீல முனை வானத்துக்கு, ஆரஞ்சு முனை தொடைக்கு என்று இங்கே சொல்லிக்கொடுப்பார்கள். போன வருடம் வந்திருந்த அம்மாவும் ஊசியில்லாத பயிற்சிப் பேனாவை வைத்துத் தன் தொடையிலேயே குத்திக் கற்றுக்கொண்டாள். முந்திரியைக் குறை சொல்வதை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. “இது ஒடம்பு வாகுடா. பருப்பு என்ன பண்ணும்” என்கிறாள். மறுத்துப் பேச எனக்கும் வழியில்லை. எதிர்ப்பான் என் மகளுடையதுதானே.

உண்மையான தலைவலி உணவகம்தான். குருமாவிலும் பன்னீர் வகைகளிலும் முந்திரியை அரைத்து ஊற்றுவது வெளியே தெரியாது. ஒரு கடையில் நடந்தது இது.

“இதுல நட்ஸ் இருக்கா?”

“இல்ல சார், நட்ஸே இல்ல.”

“முந்திரி?”

“கிரேவிக்கு அரைச்சு ஊத்துவோம் சார். அது இல்லாம எப்படி?”

அன்றிலிருந்து நட்ஸ் என்று கேட்பதே இல்லை. முந்திரி, பிஸ்தா என்று பேர் சொல்லித்தான் கேட்கிறோம். வீட்டில் குருமாவுக்குத் தேங்காயும் பொட்டுக்கடலையும் கசகசாவும். கொஞ்ச நாளில் நாக்கு பழகிவிட்டது. பண்ருட்டிக்காரன் இப்படிச் சொல்வது ஊரில் கேட்டால் நன்றாக இருக்காது.

அடுத்து ஊருக்குப் போக வேண்டும். இந்தியாவில் எபிபென் மருந்துக்கடையில் எளிதில் கிடைக்காது, ஆம்பூல் என்ற மருந்துக் குப்பியும் ஊசியும்தான், அதனால் இங்கிருந்தே எடுத்துப்போகிறோம். வீட்டில் முந்திரி இருந்தால் வாசத்துக்கே வந்துவிடுமா என்று மனைவி கேட்டாள். வாசம் புரதம் இல்லை. அலர்ஜி உள்ள 30 பிள்ளைகளின் முகத்துக்கு ஓர் அடி தள்ளிக் கடலை வெண்ணெயைப் பத்து நிமிடம் வைத்துப் பார்த்தார்கள், யாருக்கும் எதுவும் வரவில்லை. ஆனால் பருப்பைத் தோல் உரித்துப் புடைக்கும்போது கிளம்பும் தூசும், அதைத் தொட்ட கையோடு பிள்ளையைத் தூக்குவதும் வேறு கணக்கு. சித்திரையில் வீடு முழுக்க அதுதான் வேலை. அதனால் ஜூலை விடுமுறைக்குப் போவதாக முடிவு. அதற்குள் பருப்பெல்லாம் வியாபாரியிடம் போயிருக்கும். மாம்பழச் சதையில் அனா ஓ 3 இல்லை, இங்கே பெட்டி பெட்டியாகத் தின்றிருக்கிறாள், அதனால் அதற்குத் தடை கிடையாது. ஜூலையில் நீலம்தான் கிடைக்கும், உள்ளே வண்டு இருக்கும், பார்த்து நறுக்கணும் என்கிறாள் அம்மா.